சோலனாய்டை இரண்டு முறை மாற்றியும் ஈ02 போகவில்லை. இப்போது கன்ட்ரோலரை மாற்றச் சொல்கிறார்கள்

வாசகர் கடிதத்தின் சுருக்கம்

நாமக்கல் மாவட்டத்திலிருந்து எழுதியிருக்கும் இந்த வாசகர், கைமாறி வாங்கிய கோமாட்சு பிசி200-8 எக்ஸ்கவேட்டர் (மண் தோண்டும் வண்டி) ஒன்றைப் பண்ணைக்குட்டை, மனைப்பிரிவு மண் வேலைகளுக்கு மணி வாடகைக்கு ஓட்டுகிறார். இரண்டு மாதமாக ஒரே தொல்லை. காலையில் வண்டி நன்றாக வேலை செய்கிறது. ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து மானிட்டரில் ஈ02 என்ற பழுதுக் குறியீடு வருகிறது. அதன்பின் பக்கெட்டை மண்ணில் குத்தினால் எஞ்சின் அமுங்குகிறது, சில சமயம் நின்றே போகிறது. சாவியை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் சரியாகிவிடுகிறது.

உள்ளூர் எலெக்ட்ரீஷியன் சர்வீஸ் மெனுவில் பார்த்தபோது டிஎக்ஸ்ஏ0கேஏ என்ற கோடு (விவரமான பழுதுக் குறியீடு) இருந்திருக்கிறது. சோலனாய்டின் காயிலை மீட்டரில் அளந்து, "காலையில் 9.8 ஓம், மதியம் 11.8 ஓம், சூட்டில் காயில் வீக் ஆகிறது" என்று சொல்லி பிசி-இபிசி சோலனாய்டை (ஹைட்ராலிக் பம்பின் சுமையைக் கட்டுப்படுத்தும் மின்காந்த வால்வு) மாற்றினார். பத்து நாளில் அதே கோடு. டூப்ளிகேட் சரக்கு என்று ஒரிஜினல் போட்டார்கள், அதே கோடு. வேறொரு பட்டறையில், அந்த வால்வுக்குக் கரன்ட் அனுப்பும் மின்னணுப் பெட்டியான பம்ப் கன்ட்ரோலர் போய்விட்டது என்கிறார்கள். ஸ்கிராப் வண்டியில் கழற்றியது ஒன்று இருக்கிறதாம். இதற்கிடையே எமர்ஜென்சி பம்ப் சுவிட்சை மேலே போட்டு ஓட்டுகிறார், அப்போது நாள் முழுக்க எஞ்சின் நிற்பதில்லை. சோலனாய்டுக்கு நேராக 24 வோல்ட் கொடுத்துப் பார்க்கலாமா, இப்படியே சுவிட்சை மேலே வைத்து ஓட்டலாமா, பழைய பட்டறையில் பணத்தைத் திரும்பக் கேட்க வழியுண்டா என்பவை அவர் கேள்விகள். ஞாயிறுதோறும் பிரஷர் வாஷர் வைத்து வண்டியைக் கழுவுவதாகவும் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறார்.

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

கன்ட்ரோலர் வாங்காதீர்கள். கீழே சொல்லும் அளவுகள் ஒரு தாளில் எழுதப்பட்டு உங்கள் கையில் வரும்வரை அந்தப் பேச்சே வேண்டாம். பழுது எங்கே இருக்கிறது என்பதைப் பாதிக்கு மேல் குறுக்கிவிடும் தகவல் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இரண்டு பட்டறைகளும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் வருத்தம்.

முதலில் அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். டிஎக்ஸ்ஏ0 என்ற முன்பகுதி பிசி-இபிசி சோலனாய்டின் மின்சுற்றைக் குறிக்கிறது. கடைசி இரண்டு எழுத்துகள் கோளாறின் வகை. கேஏ என்றால் சுற்று அறுந்திருக்கிறது, கேபி என்றால் ஷார்ட், கேஒய் என்றால் பவர் ஒயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக உங்கள் கன்ட்ரோலர் சொல்வது ஒன்றே ஒன்று: "நான் கரன்ட் அனுப்பினேன், அது ஓடவில்லை." எங்கே ஓடவில்லை என்று அதற்குத் தெரியாது. கன்ட்ரோலரின் பின்னிலிருந்து கிளம்பி, கனெக்டர்கள், ஒயர், எமர்ஜென்சி சுவிட்சின் கான்டாக்ட், மறுபடி ஒயர், காயில் என்று போய்த் திரும்பி வரும் முழு வழியில் எங்கே அறுந்தாலும் இதே கோடுதான் வரும். கோடின் பெயரில் சோலனாய்டு என்று இருப்பதால் சோலனாய்டை வாங்கி மாட்டுவதுதான் இந்தத் தொழிலில் அதிகப் பணத்தை வீணாக்கும் பழக்கம்.

எஞ்சின் ஏன் அமுங்குகிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். பிசி-இபிசிக்குக் கரன்ட் கூடக்கூடப் பம்ப் எஞ்சினிடமிருந்து எடுக்கும் சுமை குறையும். கரன்ட் பூஜ்யமானால் பம்ப் தன்னால் முடிந்த அதிகபட்சச் சுமையை இழுக்கும். அந்த நிலையில் பக்கெட்டைக் குத்தினால் எஞ்சின் தாங்காது. டீசல் பம்ப், இன்ஜெக்டர் என்று யாராவது கை வைக்க வந்தால் இதைச் சொல்லித் தடுங்கள். கோடு இல்லாத நேரத்திலும் எஞ்சின் அமுங்கினால் மட்டுமே டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் பக்கம் போக வேண்டும்.

எமர்ஜென்சி சுவிட்ச் சொன்ன சாட்சி

அந்த சுவிட்ச் கீழே இருக்கும்போது காயில் கன்ட்ரோலரோடு இணைந்திருக்கும். மேலே தூக்கினால் கன்ட்ரோலர் வெட்டப்பட்டு, பேட்டரி மின்சாரம் ஒரு ரெசிஸ்டர் வழியாக நிலையான அளவில் அதே காயிலுக்குப் போகும். நீங்கள் மேலே போட்டு நாள் முழுக்க, வண்டி நன்றாகச் சூடேறிய பிறகும், எஞ்சின் நிற்காமல் ஓட்டியிருக்கிறீர்கள். காயில் சூட்டில் அறுந்துபோவது உண்மையானால் சுவிட்ச் மேலே இருக்கும்போதும் கரன்ட் நின்று எஞ்சின் அமுங்கியிருக்க வேண்டும். அமுங்கவில்லை. எனவே காயில் நல்லது. சுவிட்சிலிருந்து காயில்வரை போகும் ஒயரும் அதன் கனெக்டரும் நல்லவை. கழற்றிப் போட்ட முதல் சோலனாய்டுகூடப் பெரும்பாலும் நல்லதாகவே இருந்திருக்கும். பட்டறையில் இன்னும் கிடந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருப்பவை மூன்று: கன்ட்ரோலருக்கும் சுவிட்சுக்கும் இடையிலுள்ள ஒயரும் கனெக்டர்களும், சுவிட்சின் 'கீழ்' நிலை கான்டாக்ட், கன்ட்ரோலர். முதல் இரண்டும் சோதிக்கச் செலவில்லாதவை, அடிக்கடி பழுதாகிறவை. மூன்றாவது அரிதாகப் போவது, விலை அதிகம். வரிசை இதுதான் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

சுவிட்சை லேசாக எண்ணிவிடாதீர்கள். வருடக்கணக்கில் தொடப்படாமல் ஒரே நிலையில் கிடக்கும் கான்டாக்டில் ஈரமும் தூசும் சேர்ந்து களிம்பு ஏறும். குளிர்ச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும், சூடும் அதிர்வும் சேரும்போது விட்டுப்போகும். உங்கள் வண்டியின் அறிகுறி இதற்கு நன்றாகவே பொருந்துகிறது. சாவியை அணைத்துவிட்டு சுவிட்சைப் பதினைந்து இருபது முறை மேலும் கீழும் போட்டுப் பாருங்கள். அதன்பின் கீழ் நிலையில் ஓட்டி, கோளாறு இரண்டு மூன்று நாள் தள்ளிப்போனால் குற்றவாளி ஏறக்குறைய சிக்கிவிட்டது. அதைச் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாமல் புது சுவிட்ச் போடுங்கள்.

9.8 ஓம், 11.8 ஓம் கணக்கு

பிசி-இபிசி காயிலுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 7 முதல் 14 ஓம். சாதாரண ஆன்-ஆஃப் சோலனாய்டுகளுக்கு 20 முதல் 60 ஓம். உங்கள் இரண்டு அளவுமே வரம்புக்குள் இருக்கின்றன. செம்புக் கம்பியின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.4 சதவீதம் ஏறும். காலையில் 30 டிகிரியில் 9.8 ஓம் காட்டும் நல்ல காயில், எண்ணெய்ச் சூட்டில் 85 டிகிரிக்கு வந்தால் 11.8 ஓம் காட்டத்தான் செய்யும். இது செம்பின் குணம், கோளாறு கிடையாது. சூட்டில் தடை ஏறாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இந்தக் கணக்கு தெரியாததால் நல்ல பொருள் கழற்றப்பட்டது.

எப்படிச் சோதிப்பது

பக்கெட்டைத் தரையில் வையுங்கள், எஞ்சினை அணையுங்கள், சேஃப்டி லீவரைப் பூட்டுங்கள். கனெக்டர் எதையும் சாவி ஆன் நிலையில் கழற்றக் கூடாது. அணைத்த பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள். உங்கள் வண்டியின் சீரியல் எண்ணுக்குரிய சர்க்யூட் டயகிராம் கையில் இருக்க வேண்டும். பின் எண்களை வேறு மாடலைப் பார்த்து யூகிக்க வேண்டாம்.

ஒன்று, கோடுகளை எழுதிக்கொள்ளுங்கள். பிசி200-8 மானிட்டரில் 4-ஐ அழுத்திப் பிடித்துக்கொண்டு 1, 2, 3 என்று வரிசையாகத் தட்டினால் சர்வீஸ் மெனு திறக்கும். எலெக்ட்ரிக்கல் பதிவில் இப்போதும் நிலுவையில் உள்ள கோடுக்கு இடப்பக்கம் ஈ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். எத்தனை முறை வந்தது என்பதும் இருக்கும். இதையெல்லாம் குறித்த பிறகே அழிக்க வேண்டும். சுவிட்ச் மேலே இருந்தபோது கன்ட்ரோலர் வெட்டப்பட்டிருந்தது என்பதால் அந்த நாட்களில் ஏறிய எண்ணிக்கையை நம்பாதீர்கள். அழித்துவிட்டு, சுவிட்சைக் கீழே போட்டு, கோளாறு மறுபடி வரும்வரை ஓட்டுங்கள்.

இரண்டு, பேட்டரியும் எர்த்தும். எஞ்சின் நிற்கும்போது 25 வோல்ட் அளவில், ஓடும்போது 27.5-இலிருந்து 29-க்குள் இருக்க வேண்டும். எல்லா லைட்டையும் ஏ.சி.யையும் போட்டுவிட்டு பேட்டரி நெகட்டிவுக்கும் கன்ட்ரோலரின் எர்த் பின்னுக்கும் இடையே அளந்தால் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எர்த் போல்ட்டில் பெயின்டும் துருவும் இருக்கும், சுரண்டி முறுக்குங்கள்.

மூன்று, சூடாக இருக்கும்போது அளப்பது. உங்கள் கோளாறு காலையில் வராது. காலையில் பட்டறையில் விட்டு எடுத்த அளவுகளால் பயனில்லை. கோடு வந்த உடனே, வேலை நடக்கும் இடத்திலேயே வண்டியை நிறுத்தி, சீட்டுக்குப் பின்னாலுள்ள பம்ப் கன்ட்ரோலரின் கனெக்டரைக் கழற்றி, ஒயர் பக்கத்தில் பிசி-இபிசிக்குரிய இரண்டு பின்களுக்கு இடையே ஓம் பாருங்கள். எமர்ஜென்சி சுவிட்ச் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் ஓப்பன் என்று காட்டும், அதைப் பழுது என்று எண்ணி ஏமாறுவார்கள். 7-க்கும் 14-க்கும் இடையில் வந்தால் வழி அப்போதைக்குச் சரி. ஓப்பன் அல்லது 20, 30 என்று வந்தால் சுவிட்சைக் கழற்றி அதன் கீழ் நிலை கான்டாக்டைத் தனியே அளங்கள். ஒரு ஓமுக்குக் கீழ் இருக்க வேண்டும். மீட்டர் கம்பிகளை ஒன்றோடொன்று தொட்டால் வரும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு பின்னுக்கும் பாடிக்கும் இடையே பாருங்கள், ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது.

பல்பு வைத்துச் சோதிப்பது

ஓம் மீட்டரை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் உண்டு. அது ஒயரில் செலுத்தும் கரன்ட் மிகக் குறைவு. இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் தாங்கிக்கொண்டிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். சோலனாய்டுக்கு வேண்டிய முக்கால், ஒரு ஆம்பியர் ஓடும்போதுதான் அந்தப் பலவீனம் வெளிப்பட வாய்ப்பு அதிகம். எனவே ஒயருக்கு உண்மையான சுமை கொடுத்துப் பார்க்க வேண்டும். லாரி இண்டிகேட்டருக்குப் போடும் 24 வோல்ட், 21 வாட் பல்பு இதற்கு அருமையான கருவி. அது எடுப்பது ஏறக்குறைய 0.9 ஆம்பியர், சோலனாய்டு எடுக்கும் அளவுக்குப் பக்கத்தில்.

கன்ட்ரோலர் கனெக்டர், காயில் கனெக்டர் இரண்டையும் கழற்றிவிடுங்கள். இது கட்டாயம், கன்ட்ரோலர் மாட்டியிருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்தால் அதன் உள்ளே எரிந்துவிடும், பிறகு உண்மையிலேயே புதிது வாங்க வேண்டியதுதான். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ஒரு கம்பி எடுத்து, ஒயரின் கன்ட்ரோலர் பக்கத்து முனையில் கொடுங்கள். மறுமுனையில், அதாவது காயில் கனெக்டரில், பல்பை மாட்டி, பல்பின் இன்னொரு கம்பியைப் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோங்கள். சுவிட்ச் கீழே இருப்பதால் அதுவும் சேர்ந்தே சோதிக்கப்படும். பல்பு முழு வெளிச்சம் தர வேண்டும். பேட்டரியில் உள்ள வோல்ட்டுக்கும் பல்பில் உள்ள வோல்ட்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த ஒயரில் கோளாறு இருக்கிறது. இரண்டு ஒயரையும் தனித்தனியே பாருங்கள்.

பிறகு ஒருவர் பல்பைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் ஹார்னெஸை (ஒயர்க் கட்டை) ஒரு சாண் ஒரு சாணாகப் பிடித்து வளைத்து, இழுத்து, தட்டிக்கொண்டே போக வேண்டும். பல்பு சிமிட்டும் இடம்தான் உங்கள் பழுது. சீட்டுக்குப் பின்புறம், தரைத் தகட்டில் ஒயர் இறங்கும் துளை, ரப்பர் புஷ் தேய்ந்து தகடு உரசும் இடம், கிளாம்ப் விட்டுப்போன இடம், எலி கடித்த இடம், முன்பு யாரோ டேப் சுற்றிய இடம் ஆகியவற்றில் கூடுதல் நேரம் செலவழியுங்கள். சுவிட்சையும் சில முறை மேலும் கீழும் போட்டு, கீழே வரும் ஒவ்வொரு முறையும் வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கவனியுங்கள். முழுதாக ஒன்றரை மணி நேர வேலை, பல்பின் விலைதான் செலவு.

சோதிக்கும்போது ஒயரின் தோலில் ஊசி குத்தாதீர்கள். அந்தத் துளை வழியே ஈரம் ஏறி, சில மாதத்தில் உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும். கனெக்டரின் பெண் பின்னுக்குள் தடித்த மீட்டர் முனையைத் திணித்தாலும் பின் விரிந்து புதிதாக ஒரு லூஸ் கான்டாக்ட் உருவாகும். அதே அளவு ஆண் பின் ஒன்றை மெல்லிய ஒயரில் மாட்டி வைத்துக்கொள்வது நல்லது. அந்தப் பின்னை ஒவ்வொரு துளையிலும் செருகி உருவிப் பார்த்தாலே எது தளர்ந்திருக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடும்.

கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பிரஷர் வாஷரை பம்ப் அறையிலும் கேபினுக்குள்ளும் காட்டாதீர்கள். கனெக்டரின் ரப்பர் சீல் மழைக்குத் தாங்கும், அந்த அழுத்தத்துக்குத் தாங்காது. உள்ளே போன தண்ணீர் ஒயரின் இழைகளுக்கு நடுவே ஊர்ந்து தூரத்திலுள்ள கனெக்டரில்கூடப் போய்த் தேங்கும். கேபினில் ஏ.சி. தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பச்சை பூத்த பின்னைக் கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்யலாம், அரித்துப்போனதை மாற்றத்தான் வேண்டும். கனெக்டர் முழுக்க கிரீஸ் அடைப்பது உதவாது.

அறுந்த இடம் கிடைத்தால் அதே தடிமன் ஒயர் போட்டு, கிரிம்ப் அடித்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஏற்றுங்கள். முறுக்கி டேப் சுற்றினால் எண்ணெயும் சூடும் சேர்ந்து அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. கிளாம்ப் இருந்த இடத்திலெல்லாம் மறுபடி கிளாம்ப் போடுங்கள்.

24 வோல்ட் நேராகக் கொடுக்கலாமா

வேண்டாம். உங்கள் காயிலுக்கு நேராக 24 வோல்ட் கொடுத்தால் 2.4 ஆம்பியருக்கு மேல் ஓடும், அதற்கு உரியது ஒரு ஆம்பியருக்குள்தான். சூடு ஆறு மடங்காகும். சில நிமிடத்தில் காயிலின் இனாமல் கருகும். லைட்டுக்கும் ஹாரனுக்கும் சரியாக இருக்கும் இந்தப் பழக்கம் இந்த வகை சோலனாய்டுக்குப் பொருந்தாது. எமர்ஜென்சி சுற்றில் ரெசிஸ்டர் வைத்திருப்பதே இதற்காகத்தான்.

சுவிட்சை மேலே வைத்தே ஓட்டுவதும் வேலை முடித்து வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோகும்வரை மட்டுமே சரி. எஞ்சினின் நிலை பார்த்துப் பம்பைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு அப்போது இல்லை. வொர்க்கிங் மோடை மாற்றினாலும் பம்பின் அளவு அதற்கேற்ப மாறாது, டீசல் கணக்கும் சரியாக வராது. இரண்டு மாதம் அதிகம்.

கன்ட்ரோலர் எப்போது

ஒயர்கள் பல்புச் சோதனையில் தேறி, சுவிட்சும் தேறி, கன்ட்ரோலருக்கு வரும் பவரும் எர்த்தும் சுமையோடு சரியாக இருந்து, அதன்பிறகும் சூட்டில் கோடு வந்தால் கன்ட்ரோலரைச் சந்தேகிக்கலாம். அப்போதும் முதலில் அதன் பின்களைப் பாருங்கள். ஸ்கிராப் வண்டியில் கழற்றியதை வாங்குவதானால் பார்ட் நம்பர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும், வண்டியின் மாடலும் கூடுதல் இணைப்புகளும் ஒத்திருக்க வேண்டும், மாட்டி இரண்டு மூன்று மணி நேரம் சூடேற ஓட்டிப் பார்க்கும் உரிமையை வாய்வார்த்தையாக இல்லாமல் பில்லில் எழுதி வாங்குங்கள். இந்த வண்டியில் முன்பு வெல்டிங் வேலை நடந்ததா என்றும் விசாரியுங்கள். பேட்டரியையும் கன்ட்ரோலர் கனெக்டர்களையும் கழற்றாமல் பூமில் வெல்டிங் அடிப்பது கன்ட்ரோலர் போவதற்கு முக்கியமான ஒரு காரணம்.

வேறு கம்பெனி வண்டி வைத்திருப்பவர்களுக்கு

கனரக வண்டிகளுக்கான பொதுத் தகவல் முறையான எஸ்ஏஇ ஜே1939-இல் கோடு தரும் வண்டிகளில் எஸ்பிஎன் எண் எந்தச் சுற்று என்றும், எஃப்எம்ஐ எண் எந்த வகைக் கோளாறு என்றும் சொல்லும். எஃப்எம்ஐ 5 என்பது இந்த வாசகருடைய கேஏ போல அறுந்த சுற்று. 6 என்றால் கரன்ட் அளவுக்கு மேல், ஒயர் எர்த்தில் ஒட்டியிருக்கலாம். 3, 4 இரண்டும் பெரும்பாலும் சென்சார் சிக்னலின் வோல்ட் எல்லை மீறுவது. பல சென்சார் கோடுகள் ஒரே நேரத்தில் வந்தால் எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்காதீர்கள். அவற்றுக்குப் பொதுவான 5 வோல்ட் லைனை ஒரு சென்சார் ஷார்ட் செய்து இழுத்திருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றினால் எதில் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான். 7 வந்தால் மின்சாரத்தை விட்டு மெக்கானிக்கல் பக்கம் பாருங்கள்.

பணம் திரும்பக் கேட்பது

காயில் வரம்புக்குள் இருந்ததைப் பட்டறைக்காரரே அளந்து சொல்லியிருக்கிறார் என்பது உங்கள் பக்கத்து வலு. முதலில் நேரில் பேசுங்கள். கழற்றிய சோலனாய்டைத் திருப்பிக் கேளுங்கள், அது நல்லது என்று காட்டி கூலியையாவது விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கான சேவையை விலக்குகிறது. ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் பொருள் வாங்கிப் பயன்படுத்துவோருக்கு அந்த விலக்கு பொருந்தாது. நீங்களே ஓட்டுகிறீர்களா, ஆபரேட்டர் வைத்திருக்கிறீர்களா என்பதைப் பொறுத்து வாதம் மாறும் என்பதால், பில்களோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர இரண்டு வருடக் கெடு உண்டு. பில் இல்லாமல் வேலை செய்திருந்தால் நேரில் பேசுவதுதான் நடைமுறையில் மிஞ்சும் வழி.

பழுது சரியானதும் கோடை அழித்து, சுவிட்சைக் கீழே வைத்து, எண்ணெய் நன்றாகச் சூடேறும்வரை குறைந்தது மூன்று மணி நேரம் கடினமான மண்ணில் ஓட்டுங்கள். ஓட்டும்போது சர்வீஸ் மெனுவின் மானிட்டரிங் திரையில் பிசி-இபிசி கரன்டை மில்லி ஆம்பியரில் திறந்து வையுங்கள். சுமைக்கேற்ப எண் ஏறி இறங்க வேண்டும், சட்டென்று பூஜ்யத்துக்கு விழக் கூடாது. மூன்று மணி நேரத்துக்குப் பின்னும் பதிவில் டிஎக்ஸ்ஏ0கேஏ வரவில்லை என்றால் பட்டறைக்குப் பணம் கொடுங்கள்.